வால் வீசும் வண்டி

இரத்தினபுரியிலிருந்து வரும் பெருந்தெரு பெல்மதுளையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பலாங்கொடை நோக்கி மலையேறுகின்றது. மற்றது எம்பிலிப்பிட்டிய பக்கமாக இறங்குகின்றது. மழைக்குப் பேர்போன நாடு இது. வளைவுக்கு அப்பால் கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரக்கூடும். பள்ளிப் பிள்ளைகள் வரக்கூடும். இத்தகைய தெருவில் பந்தயப் பாங்கான கார் ஒன்றை ஓட்டி, நொறுக்கி, உயிர் தப்பிய இளைஞர், எழுந்து நடக்கத் தொடங்கியதும் கேட்கும் முதற்கேள்வி, "அடுத்தது எந்தக் கார்?" என்பதே. தாயாரோ, "இனிக் காரே வேண்டாம், தம்பி" என்பார். தாயின் கண்ணீருக்கு மறுமொழி கூற நம்மால் இயலாது. எனினும் இளைஞரின் கேள்வியும் சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. அதற்கு விடை உண்டு.

தமிழர் யாவரும் அறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி, துபாய் பந்தயத் திடலில் பயிற்சியின்போது, நடிகர் அஜித் குமார் ஓட்டிய போர்ஷே 911 வகைக் கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றது. பிரேக் செயலிழந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. அவர் காயமின்றி இறங்கி வந்தார். நான்கு நாட்களின் பின் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் காரைத் தம் குழுவினரிடமே விட்டுவிட்டு, கேமன் என்னும் வேறொரு போர்ஷேயை ஓட்டினார். அவர் விட்டுக்கொடுத்த கார் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது! திரையில் அவர் புரிந்த சாகசங்கள் அனைத்தையும்விட இந்த விலகலையே நம் மாணவர் நினைவில் வைக்க வேண்டும் என்போம்.

அவர் காரை மாற்றியது வளைவில் அது நடந்துகொள்ளும் விதத்தைக் கருதி அன்று. தம் நலனையும் குழுவின் நலனையும் கருதியே. ஆயினும் அவ்விரு கார்களும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை. 911இல் எந்திரம் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கின்றது. கேமனில் அது இருக்கைக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையில் இருக்கின்றது. காவுதடியின் ஒரு முனையில் மட்டும் பாரத்தைத் தொங்கவிட்டுத் திடீரெனத் திரும்பிப் பாருங்கள். பாரம் உங்களையும் இழுத்துக்கொண்டு சுழலும். பின் எந்திரக் காரின் கதையும் அதுவே. வளைவின் நடுவே அஞ்சி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், பாரம் முன்னுக்குச் சாய்கின்றது. பின் டயர்களின் பிடி தளர்கின்றது. வால் வெளியே வீசுகின்றது. அச்சம் வந்ததும் காலை எடுப்பது மனித இயல்பன்றோ? அந்த இயல்பையே தண்டிக்கும் வண்டி, விபத்தின் நடுக்கம் இன்னும் நீங்காதவருக்கு ஆகாது.

இதனைச் செய்தவர்களே உணர்ந்திருந்தனர். 1963இல் காட்சிக்கு வந்த 911இன் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, 1969ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் 57 மில்லிமீற்றர் கூட்டினார்கள். இன்றைய 911 அந்தப் பழைய முரட்டுக் குதிரை அன்று. நடுவில் எந்திரம் உள்ள காரும் முற்றிலும் சாதுவல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது எளிதில் பிடி விடாது. விட்டால் மிக விரைவாகச் சுழலும்.

முன்னால் எந்திரம், பின்சக்கரங்களுக்கு விசை, பாரம் இருபுறமும் ஏறக்குறையச் சமம் என்று அமைந்த சிறு கார்களே நம் மனத்துக்கு உகந்தவை. 1989இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 இவ்வகையைச் சேர்ந்தது. எடை குறைவு; நழுவுவதற்கு முன் ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டே நழுவும்.

ஆனால் அதன் பழைய வண்டிகளில் ஒரு குறை உண்டு: 'உறுதிக் கட்டுப்பாடு' எனும் மின்னணுக் கருவி இல்லை. சுக்கான் காட்டும் திசையும் வண்டி செல்லும் திசையும் வேறுபட்டால், வேண்டிய ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை வழிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. 1995இல் மெர்சிடிஸ் கார்களில் அது அறிமுகமாயிற்று. 1997இல் அதே நிறுவனத்தின் ஏ-வகைச் சிறு கார் சுவீடனில் நடந்த சோதனையில் கவிழ்ந்தது. அதன் பின்னரே அச்சிறு கார் அனைத்துக்கும் அக்கருவியைப் பூட்டினார்கள். 2014 முதல் ஐரோப்பாவில் விற்கப்படும் புதுக் கார் எல்லாவற்றிலும் அது கட்டாயம். குதிரைவலுவை விசாரிக்கும் முன் இதனை விசாரியுங்கள்.

எனினும் எக்கருவியும் கணக்கை வெல்லாது. ஒரே வளைவை மணிக்கு 40 கிலோமீற்றருக்குப் பதில் 50இல் எடுத்தால், பக்கவாட்டு விசை அரைப்பங்குக்கு மேல் கூடிவிடும். மாணவர்கள் இரு எண்களையும் வர்க்கப்படுத்திப் பார்க்கலாம்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே கைமாறிய பழைய கார்களே நம்மவர் பலருக்கு வாய்க்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ தேயாதிருந்தாலும் கிழட்டு றப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. நமக்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்று, காரைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லவேண்டும். மழை நாளில் ஓட்டிப் பார்க்க உடையவர் சம்மதிக்காவிட்டால், அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.