முதல் நாள் கணக்கு எங்கே?

எலெக்ட்ரானிக் சிப்புக்கு மூப்பு வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓடும் பாகம் ஒன்றுமே இல்லையே, தேய்வதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் மூப்பு வருகிறது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களின் மெல்லிய காப்புப் படலத்தில், வருஷக்கணக்கில் மின்சாரமும் சூடும் பட்டு, மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கிக்கொள்கிறது. அப்புறம் அந்த ஸ்விட்ச் முன்னைவிடத் தாமதமாகத்தான் விழும். நம் முழங்கால் மாதிரிதான். நிறுத்தி வைத்தால் ஓரளவு தேறவும் செய்யுமாம்!

1986-ல் சி-டாட் நிறுவனத்தின் 128 இணைப்பு கிராம எக்ஸ்சேஞ்ச் கர்நாடகத்தின் கிட்டூரில் வந்தபோது, தொலைபேசித் துறையில் இருந்த எங்களுக்கு ஏ.சி. இல்லாமல் அது ஓடியதுதான் அதிசயம். அன்றைய டிரான்சிஸ்டர் அளவில் பெரியது, தாங்கியது. இன்று எல்லாம் நானோமீட்டர் கணக்கு. ஆண்டிமடத்துச் சித்திரை வெயிலில், செல்போன் கோபுரத்தின் அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட இடங்களிலும், ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவிகளிலும், செயற்கைக்கோள்களிலும் எஃப்.பி.ஜி.ஏ. என்றொரு சிப் வேலை செய்கிறது. வாங்கிய பிறகும் அதன் உள்சுற்றை மாற்றி எழுதலாம். 1985-ல் சைலிங்ஸ் கொண்டுவந்த முதல் சிப்பில் 64 கட்டங்கள்தான் இருந்தன. இதன் வயதைப் பார்க்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்று கொடுத்தால் பூஜ்யமும், பூஜ்யம் கொடுத்தால் ஒன்றும் தரும் 'கேட்'களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வட்டமாகக் கோத்தால், அது ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ரிங் ஆஸிலேட்டர் என்பார்கள். வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணிவிட்டு, அந்தச் சுற்றை அழித்துப் பழைய வேலையை எழுதிவிடலாம். களைத்துப்போன கட்டங்களை விட்டு வேறு கட்டங்களுக்கு வேலையை மாற்றவும் முடியும்.

துடிப்பு குறைந்திருந்தால் மூப்பு. சரி, எதைவிடக் குறைந்திருந்தால்? ஒரே ஆலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு சிப்களுக்கே ஒரே வேகம் கிடையாது. அந்தப் பிறவி வித்தியாசம் மூப்பால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம். டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்கிறாரே, அதே காரணம்தான். அளக்கும் வித்தையை விட, முதல் நாள் அளந்த கணக்கைப் பத்திரமாக வைப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

அது இல்லாததால்தான் பத்து வருஷம் ஆயிற்று என்று நல்ல கருவியைக் கழித்துக் கட்டுகிறோம், களைத்ததை ஓட விடுகிறோம். பழைய சிப்பைப் பெயர்த்தெடுத்து, மேலே துடைத்துப் புதிது என்று விற்கும் கூட்டமும் இருக்கிறது. 2012-ல் அமெரிக்க செனட் குழு ஒன்று, ராணுவத் தளவாடங்களுக்கான சப்ளையில் போலி என்று சந்தேகிக்கப்படும் பாகங்கள் புகுந்த சுமார் 1,800 சம்பவங்களைக் கண்டறிந்தது. அவர்கள் கதியே அது!

செலவு கூடும் என்பார்கள். பொதுப்பணத்தில் வாங்கும் கருவிகளின் டெண்டரில் ஒரே வரிதான் கேட்கிறேன்: முதல் நாள் துடிப்பு எண்ணிக்கை, அப்போதைய வெப்பநிலை, மின்னழுத்தம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மற்ற இரண்டும் மாறினாலும் துடிப்பு மாறும் என்பதால் மூன்றும் வேண்டும். வாரண்டி அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது.