லேலண்டு சாகாது என்ற பேச்சு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்தப் பட்டறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "லேலண்டு வண்டி சாகாதுங்க." கூடவே இன்னும் இரண்டு வரும். லேலண்டு ஓட்டியவன் வேறு வண்டியைத் தொடமாட்டான். பழைய வண்டி இரும்பு, புது வண்டி தகரம். எனக்கும் அந்த வண்டி மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த மூன்றும் புகழை ஆள் மாற்றிக் கொடுக்கின்றன.

முதலில் சாகாத வண்டி. பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு லாரியைக் காட்டுவார்கள். அதன் அடியில் படுத்துப் பாருங்கள். எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் மாற்றியிருப்பார்கள். கிராங்க் லேத்துக்குப் போய் வந்திருக்கும். கியர்பாக்ஸ் திறந்து மூடியது, ஸ்பிரிங் பட்டைகள் பிறகு போட்டவை, டயர் ரீட்ரெட் ஆனது, பாடி நாமக்கல்லில் மறுபடி கட்டியது. கம்பெனியிலிருந்து வந்தபடியே மிஞ்சியிருப்பது சேஸும் அதில் அடித்த நம்பரும்தான். இதை வண்டியின் ஆயுள் என்று சொல்வதைவிட டிங்கர், லேத்காரர், எலக்ட்ரீஷியன், பாடி கட்டுகிற ஆசாரி எல்லோரும் சேர்ந்து கொடுத்த ஆயுள் என்று சொல்வதே நியாயம்.

கம்பெனியின் பங்கு இல்லாமல் இல்லை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தரத் தொடங்கிய நிறுவனம், லேலண்டோடு சேர்ந்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. எண்ணூரிலிருந்து அது அனுப்பிய காமெட்டும் பிறகு வந்த டாரஸும் ஸ்பேனரும் ஜாக்கியும் இருந்தால் திறந்து பார்க்கக்கூடிய வண்டிகள். பென்ஸ் கூட்டோடு 1954இல் டாடா கொண்டுவந்த லாரிகளும் அப்படித்தான். அவை கெடாத வண்டிகள் அல்ல. கெட்டால் சரிசெய்ய முடிந்த வண்டிகள். நின்ற இடத்திலேயே, கையில் இருப்பதை வைத்தே சரிசெய்ய முடிந்ததுதான் அவற்றின் பெருமை.

இன்றைக்கும் ஓடுகிற முப்பது வருட வண்டியைக் காட்டி, அந்தக் காலத்து இரும்பே தனி என்பவர்கள், அதோடு வாங்கிய மற்ற வண்டிகள் எங்கே என்று கேட்பதில்லை. அவை எப்போதோ கண்டமாகி எடைக்குப் போய்விட்டன.

அடுத்து விசுவாசம். இதை அப்பன் பாட்டன் வழிவந்த பற்று போலப் பேசுவது, தொழில் செய்கிறவரின் அறிவைக் குறைத்துச் சொல்வது. நாலு வண்டி வைத்திருப்பவர் நாலும் ஒரே கம்பெனியாக வைத்தால் ஒரே வகை ஃபில்டர் வாங்கி அடுக்கலாம், ஒரே மெக்கானிக் போதும், ஒரு டிரைவர் வராவிட்டால் இன்னொருவர் ஏறி ஓட்டலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்து ஏதோ ஒரு கிராமத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே கிளட்ச் போனால் பக்கத்து டவுனில் பார்ட்ஸ் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்கிற கம்பெனியை அவர் மறுபடி வாங்குகிறார்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. நேஷனல் பர்மிட் விதிப்படி சாதாரண லாரிக்கு 12 வயது, மல்டி ஆக்சிலுக்கு 15 வயதுவரைதான் அந்த பர்மிட். எஞ்சின் எவ்வளவு திடமாக இருந்தாலும் அதற்குள் வெளிமாநில லைனிலிருந்து வண்டியை இறக்கியாக வேண்டும். அப்போது சேகோ மில்லுக்கு மரவள்ளி அடிக்கவோ கோழித்தீவனம் ஏற்றவோ உள்ளூரில் ஒருவர் அதை வாங்குவார். அவர் என்ன விலை தருவார், பைனான்ஸ்காரர் அந்த வண்டிக்கு எவ்வளவு கொடுப்பார் என்பதை முதல் முதலாளி புது சேஸ் வாங்கும் அன்றே யோசித்துவிடுகிறார். விற்கும்போது விலை நிற்கிற வரைக்கும்தான் பற்று. ஒரகடத்திலிருந்து 2012இல் பாரத்பென்ஸ் வந்தபோது, கணக்கு சரிப்பட்டவர்கள் அதையும் வாங்கினார்கள்.

பழைய வண்டியின் உழைப்பைப் பாடுகிறவர்கள் அதை ஓட்டியவர்களின் உழைப்பையும் சொல்ல வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாமல், எஞ்சின் சூடு காலடியில் அடிக்க, ஓவர்லோடோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கியவர்களின் தோளும் முதுகும் என்ன ஆயின? வண்டிக்கு லைனர் மாற்றலாம். 2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். புது வண்டி தகரம் என்பவர்கள் இதையும் சேர்த்து எடை போடட்டும்.

அந்தக் குற்றச்சாட்டில் உள்ள கோபம் மட்டும் உண்மையானது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தது. புகையைச் சுத்தப்படுத்த ஆட்புளூ, டிபிஎஃப், கூடவே ஏகப்பட்ட சென்சார். இந்த எஞ்சின்கள் மெலிந்தவை அல்ல. ஆயில் மாற்றும் இடைவெளியே முன்பைவிடப் பல மடங்கு நீண்டிருக்கிறது. ஆனால் ஒரு சென்சார் போனாலும் வண்டி இழுக்காது. என்ன கோளாறு என்று பார்க்க லேப்டாப்பும் கம்பெனி மென்பொருளும் வேண்டும். முப்பது வருடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்ன மெக்கானிக் வெளியே நிறுத்தப்படுகிறார். முதலாளி "தகரம்" என்கிறார். அவர் இழந்திருப்பது இரும்பை அல்ல, தன் ஊர்ப் பட்டறையை.

கார்களில் இந்த வழக்கு முன்பே வந்துவிட்டது. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. லாரிக் கம்பெனிகளிடமும் அதையேதான் கேட்க வேண்டும்: பரிசோதனைக் கருவி கட்டுப்படியாகும் விலையில் வேண்டும், கோளாறுக் குறியீடுகளின் விளக்கம் தமிழில் வேண்டும், சென்சார் பஜாரில் கிடைக்க வேண்டும், நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வேண்டும். நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நடத்துகிற அசோக் லேலண்டுக்கு இது செய்ய முடியாத காரியம் அல்ல.