பூச்சிமருந்து விக்க லைசென்ஸ், வரிக் கணக்கு எழுத?

எங்க சோழபுரம் பக்கம் ஒரு பாட்டில் பூச்சிமருந்து விக்கணும்னாலும் கடைக்காரருக்கு லைசென்ஸ் வேணும். 1968-லயே சட்டம் போட்டாச்சு. கோல்மால் பண்ணினா வேளாண்மைத் துறை அதை ரத்து செய்யலாம். கத்திரிச் செடிக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, சம்பளக்காரனோட வரிக் கணக்குக்கு இல்லை.

எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வாத்தியார். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ரிட்டர்ன் போட்டான். "பிடிச்ச வரியைத் திருப்பி வாங்கித் தாரேன், வர்றதுல பத்து சதவீதம் குடுங்க"ன்னு பேச்சு. பணமும் வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஏதோ ஒரு கட்சிக்கு அவன் நன்கொடை கொடுத்ததா கணக்குல இருக்கு. துறை அனுப்பின கடிதங்கள் எதுவும் அவனுக்கு வரலை. பதிவு செஞ்சிருந்த இமெயில் சென்டர்காரருடையது! போய்க் கேட்டதுக்கு, "ஓடிபி சொன்னது நீங்கதானே?"ன்னுட்டார். வட்டியோட கட்டினது பையன்தான்.

பையனோட ஆசையும் தப்புதான், மறுக்கலை. ஆனா இது ஒருத்தன் கதை இல்லை. 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்பட 150-க்கும் மேற்பட்ட இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது. அதற்கு முந்தைய நாலு மாசத்துல சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியிருந்தாங்க. இத்தனை பேரும் தனித்தனியா உட்கார்ந்து யோசிச்ச பொய்யா இது?

ஆடிட்டர் தப்பு செஞ்சா 1949 சட்டப்படி அவர் பெயரையே பட்டியலில் இருந்து நீக்கலாம். ஜிஎஸ்டி ப்ராக்டிஷனருக்குப் பதிவு எண் உண்டு. விதி 83-ன் கீழ் விசாரிச்சுத் தகுதி நீக்கலாம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 288-ஆம் பிரிவும் அதிகாரி முன்னால் ஆஜராகிறவருக்குத் தகுதி கேட்டது. ஆனா நம்ம பாஸ்வேர்டுல உள்ளே போய் ரிட்டர்ன் போடறவர் யார் முன்னாலும் ஆஜராகறதே இல்லையே! பொய்க் கணக்குக்குத் துணை போனவர் மேல கேஸ் போடலாம், சரி. பறிக்கறதுக்கு அவர்கிட்ட லைசென்ஸ் ஏது? இன்னொரு தெருவில் இன்னொரு போர்டு மாட்டிடுவார்.

ஆஸ்திரேலியாவில் காசு வாங்கிட்டு வரிக் கணக்கு போடறவர் 2009 சட்டப்படி வாரியத்தில் பதிவு செஞ்சே ஆகணும். தப்பு பண்ணினா பதிவு போகும். பதிவேட்டை யாரும் பார்க்கலாம்.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். கூலி வாங்கி ரிட்டர்ன் போடறவருக்கு ஒரு பதிவு எண், அந்த எண் ஒவ்வொரு ரிட்டர்ன்லயும், புகார் கொடுக்க ஒரு இடம்.

அதுவரைக்கும், சென்னையில, கோயம்புத்தூர்ல இருந்து இதைப் படிக்கிறவங்க ஒண்ணு செய்ங்க. ஊர்ல இருக்கிற அப்பா, சித்தப்பாவோட வரிக் கணக்கைத் திறந்து, அதுல இருக்கிறது யார் நம்பர்னு பாருங்க. இன்னிக்கே.