பாலர் நூலுக்குப் பளபளப்பு மட்டும் போதுமா?

நம் சங்கம் வெளியிட உத்தேசித்துள்ள பாலர் தமிழ் நூலைப் பற்றிச் செயற்குழுவில் நடந்த விவாதம் அன்பர்கள் பலரும் அறிந்ததே. பாடங்களை யார் எழுதுவது என்பது முடிவாகிவிட்டது. படங்களைக் கணினியில் கிடைப்பவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், பளபளப்பான தாளில் பல வண்ணத்தில் போட்டுவிடலாம், பக்க அமைப்பை அச்சகத்தாரே பார்த்துக்கொள்வார் என்பது பெரும்பாலோரின் எண்ணம். இந்த விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒரு நூலின் படமும் எழுத்தும் பக்கத்தில் எங்கே, எப்படி அமர வேண்டும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினால் நூலின் பாதி வேலை நடக்காது. அதிலும் நம் பிள்ளைகளுக்கான நூலில் முக்கால் வேலை அங்கேதான் இருக்கிறது.

நம் பிள்ளைகள் யார்? வெலிங்டன் தீவில் துறைமுகத்திலும் கடற்படையிலும் சுங்கத்திலும் வேலை பார்க்க வந்தவர்களின் பேரக்குழந்தைகள். மட்டாஞ்சேரிக் கடைவீதிக் குடும்பங்களின் பிள்ளைகள். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் பாட்டியிடம் சண்டை போடுவதே தமிழில்தான். தெரியாதது எழுத்து. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் சரளமாக வாசிக்கிற பிள்ளை, மதுரையிலிருந்து மாமா வாங்கி அனுப்பிய அரிச்சுவடியைத் திறந்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறது. எழுத்தே அறியாத ஐந்து வயதுக் குழந்தைக்காகச் செய்த நூல் அது. நம் வீட்டுப் பிள்ளைக்கு வயது ஒன்பது, கையில் ஏற்கெனவே இரண்டு எழுத்துகள். இவர்களுக்கான நூலை இன்னும் யாரும் செய்யவில்லை. நாம்தான் சோதனை செய்து பார்க்க வேண்டும்.

சோதனை செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஊரும் கிடையாது. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. வெறும் 16 பக்கம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் முயற்சி அது. கோவாவில் 1577இல் வார்த்த எழுத்தையும், கொல்லத்தில் 1578இல் புதிதாக வார்த்த எழுத்தையும் அதன் கடைசிப் பக்கத்தில் மாதிரிக்காகக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பழைய உதிரிப் பாகத்தையும் திருத்திய பாகத்தையும் ஒரே மேஜையில் வைத்துக் காட்டுவதைப் போல. அடுத்த ஆண்டு, 1579இல், அதே பாதிரியாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது இதே கொச்சியில்! தமிழ்நாட்டில் தமிழ் அச்சு வருவதற்கு முன்பே நம் ஊரில் வந்துவிட்டது. இதை நம் பிள்ளைகளிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்'. மலபாரின் டச்சு ஆளுநராகக் கொச்சியில் இருந்த வான் ரீட் திரட்டியது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் குணம் சொன்னவர் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களும் உடன் உழைத்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள், ஏறத்தாழ இயற்கை அளவிலேயே, விரித்த பக்கம் நிறைய. படத்தின் ஓரத்தில் செடியின் பெயர் இலத்தீன் எழுத்திலும் மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும், பல படங்களில் கொங்கணிக்காக நாகரி எழுத்திலும் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் மலையாள அச்செழுத்து ஏது? அதற்காக அவர்கள் கைவிட்டுவிடவில்லை. எழுத்தையும் ஒரு படமாகக் கருதி, இலையையும் பூவையும் செதுக்கிய அதே செப்புத்தகட்டில் செதுக்கிவிட்டார்கள். மலையாள எழுத்து முதன்முதலில் அச்சேறியதே இப்படித்தான். அந்தப் பக்கத்தை எந்த மொழிக்காரர் திறந்தாலும் முதலில் படத்தைப் பார்ப்பார், பிறகு தம் எழுத்தைக் கண்டுபிடிப்பார், அதன் வழியே பக்கத்திலிருக்கும் எழுத்துக்கு நகர்வார்.

இதுவே நம் நூலுக்கும் வழி என்கிறேன். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்களாக எடுத்துக்கொள்வோம். மழை, வலை, வாழை, ஓலை, தலை. மலையாளத்தில் இவை மழ, வல, வாழ, ஓல, தல. ஒரு பக்கத்துக்கு ஒரு படம். கீழே மலையாளச் சொல் நீல வண்ணத்தில், அதற்கு நேர் கீழே அதே அளவில் தமிழ்ச் சொல் கறுப்பில். ஐகாரத்துக்கான இணைக்கொம்பை மட்டும் சிவப்பில் போட வேண்டும். பிள்ளை நீலத்தை வாசித்துவிடும். கறுப்பைப் பார்த்தால் ம, ழ, வ மூன்றும் பாதி பரிச்சயமான முகங்கள். மிச்சம் ஒரு சிவப்புக் குறி. அது எழுத்துக்கு முன்னால் நின்று பின்னால் ஒலிக்கும் வழக்கமும் மலையாளத்தில் அதற்குப் பழகியதுதான். ஆசிரியர் அரை மணி நேரம் சொல்ல வேண்டியதை ஒரு வண்ணம் சொல்லிவிடுகிறது அல்லவா? (நம் வயதினர் பள்ளியில் லை, ணை இரண்டுக்கும் யானைத் துதிக்கை போட்டுப் பழகியவர்கள். 1978இல் அரசாணை வந்து துதிக்கை போயிற்று. தாத்தா எழுதும் 'வலை'யைப் பார்த்துப் பேரன் விழித்தால் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.)

நான் பாலங்களுக்கு வரைபடம் போட்டுக் காலம் கழித்தவன். டிராயிங் ஆபீஸில் முதலில் கற்றுத் தருவது, அளவை எங்கே எழுதுவது என்பது. கிரீஸ் படிந்த கையோடு மங்கிய வெளிச்சத்தில் பார்க்கிற பிட்டருக்கு எந்தக் கோட்டுக்கு எந்த அளவு என்று சந்தேகம் வரக்கூடாது. அழகுக்காக ஒரு கோடு அதிகம் போட்டாலும் மேலதிகாரி அழிக்கச் சொல்வார். காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய இத்தீவே ஒரு காலத்தில் தாளில் கோடாக இருந்ததுதானே? நம் பாலர் நூலில் போட நினைக்கும் பனிமனிதனும் சிரிக்கும் சூரியனும் எந்தச் சந்தேகத்தையும் தீர்க்காத கோடுகள்.

ஓவியத்துக்கு வண்ணக் குவியல் தேவையில்லை. 2023இல் மறைந்த ஓவியர் நம்பூதிரி சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். எம்.டி.யின் 'ரண்டாமூழம்' தொடருக்கு அவர் வரைந்த படங்களைப் பாருங்கள். கறுப்புக் கோடு மட்டும்தான். பீமன் கண்முன் நிற்பான். சென்னையில் 1994 முதல் இயங்கும் தாரா புக்ஸ் 2006இல் கோண்டு பழங்குடி ஓவியர் மூவரின் மரங்களைக் கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து வெளியிட்டது. அந்நூலுக்கு 2008இல் இத்தாலியின் பொலோனா புத்தகக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அத்தனை கைவேலை நமக்குக் கட்டாது. ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்கள் எர்ணாகுளத்தில் இருக்கிறார்கள். மூன்று வண்ணம், சாதாரணத் தாள், 16 பக்கம், 300 பிரதி என்றால் அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம். வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் விழ வேண்டும். சிவப்புக் கொம்பு அரைக்கால் அங்குலம் நகர்ந்தாலும் பாடமே தப்பாகிவிடும். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

தமிழ் நூலில் மலையாள எழுத்தா என்று மூத்த அன்பர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். அவர் கவலை நியாயமானது. கடையில் பெயர்ப்பலகை, பேருந்தில் ஊர்ப்பெயர் எல்லாமே மலையாளமாகிவிட்ட இடத்தில் தமிழுக்கென்று ஒரு நூலாவது தனியாக இருக்கட்டும் என்று நினைக்கிறார். ஆனால் தனியாக இருந்த நூல்கள் அலமாரியில் தூசி படிந்து கிடப்பதை அவரும் பார்த்திருப்பார். நூலின் முதல் எட்டுப் பக்கத்தில் நீல எழுத்து இருக்கட்டும். ஒன்பதிலிருந்து அதன் அளவு குறையட்டும். பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பின் தமிழ் மட்டும் நிற்கட்டும். இறுதிப் பக்கத்தைக் காலியாக விட்டால் பிள்ளையே தன் வீட்டில் காணும் ஒரு பொருளை வரைந்து தமிழில் பெயர் எழுதும்.

மாதிரிக்காக 'மழை', 'வலை' இரண்டு பக்கங்களைக் கையால் வரைந்து வைத்திருக்கிறேன். வலைக்கு நம் சீன வலைதான். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். அன்பர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வந்தால், பெரியவர்கள் பேசுவதற்கு முன் அவர்களிடம் நீட்டிப் பார்க்கலாம்.