சீட்டு எழுதியாயிற்று, யார் கூட்டிப்போவது?

குழந்தையின் ஒரு கண்ணிமை சரிந்திருப்பதைக் கண்டுபிடிக்க மருத்துவர் வேண்டியதில்லை. குளிப்பாட்டும் பாட்டிக்கே தெரியும். ‘வளர வளரச் சரியாயிடும்’ என்று வீடும் தெருவும் சேர்ந்து சொல்லிவிடுவதில்தான் கோளாறு. இமையைத் தூக்கும் தசை கருவிலேயே சரியாக வளராததால் வரும் பிறவி இமைத் தொய்வு பொதுவாகத் தானாகச் சரியாவதில்லை.

முகத்தோற்றத்தைவிட இதில் பார்வைதான் பெரிய விஷயம். ஏழெட்டு வயதுக்குள் மூளை பார்க்கப் பழகிக்கொள்கிறது. இமை கண்பாவையை மறைத்தாலோ, அதன் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறினாலோ அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும்; அதுதான் சோம்பேறிக் கண். மோவாயை உயர்த்தி, புருவத்தை ஏற்றி டிவி பார்க்கும் பிள்ளை இமைக்கு அடியில் வழி தேடுகிறது. நாமோ ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் வைக்கிறோம்.

எல்லாருக்கும் உடனே அறுவை சிகிச்சை தேவையில்லை. பாவை மறையாவிட்டால், தேவைக்கேற்பக் கண்ணாடி போட்டு, தவறாமல் பரிசோதித்தபடி சில ஆண்டுகள் காத்திருக்கலாம். மறைந்தால் கைக்குழந்தைப் பருவத்திலேயே சிலிக்கோன் இழையால் இமையை நெற்றித் தசையோடு இணைப்பதுண்டு. திடீரென இமை சரிந்தாலோ, இரு பாவைகளும் அளவில் வேறுபட்டாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அறுவை முடிந்தபின் தூக்கத்தில் கண் சற்றுத் திறந்தே இருக்கும். இரவில் களிம்பு போட வேண்டும். சோம்பேறிக் கண்ணும் இருந்தால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடிவைக்க வேண்டும். பிள்ளை ஒட்டைப் பிய்த்து எறியும். மறுபடி ஒட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போன தாய் பகலில் இதை எப்படிச் செய்வார்? அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் கைகொடுத்தால்தான் நடக்கும்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் குறுக்கே நிற்க, அந்தச் சீட்டு ரேஷன் அட்டைக்குள் மடங்கிக் கிடக்கும். பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. எத்தனை சீட்டு எழுதப்பட்டது, எத்தனை பிள்ளைகள் மையத்துக்குப் போனார்கள் என்று கிராம சபையில் கேட்கலாம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். போகாத பிள்ளைகளுக்கு வண்டிச் செலவை ஊராட்சி ஏற்கட்டும். கூடப் போகும் தாய்க்கு முதலாளி அன்றைய கூலியைப் பிடிக்காமல் இருக்கட்டும்.