எந்தத் தண்ணீரில் சார்?

பேப்பரில் அடிக்கடி இந்த மாதிரி ஒரு செய்தி வரும். நீங்களும் படித்திருப்பீர்கள். சூரிய ஒளியில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொடி கண்டுபிடிப்பு, தொண்ணூற்றுச் சொச்சம் சதவிகித மாசு நீக்கம், ஆய்வுக்குழுவுக்குப் பாராட்டு. கூடவே ஒரு போட்டோ. வெள்ளைக் கோட்டு போட்டவர் கையில் இரண்டு குப்பிகள். ஒன்றில் நீலத் தண்ணீர், இன்னொன்றில் நிறமே இல்லாத தண்ணீர்.

கூவத்துக்கு விடிவுகாலம் வந்தாச்சு என்று காபியைக் குடித்துவிட்டு நாம் சினிமா பக்கத்துக்குப் போய்விடுகிறோம். இனிமேல் அப்படிப் போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எந்தத் தண்ணீரில் சார்?"

இந்தக் கேள்வியை நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் கல்லூரி. பெயர் வேண்டாம். ஆய்வு மாணவர் ஒருவர் உற்சாகமாகச் செய்து காட்டினார். மெத்திலீன் புளூ சாயம் கலந்த தண்ணீர். அதில் ஒரு சிட்டிகைப் பொடி. மேலே புற ஊதா விளக்கு. ஒன்றரை மணி நேரத்தில் நீலம் போயே போச்சு.

"இது என்ன தண்ணீர் தம்பி?"

"டிஸ்டில்டு வாட்டர் சார்."

"சாக்கடைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தீங்களா?"

கொஞ்சம் தயங்கினார். "அதுல ரிசல்ட் வராது சார். பேப்பர் போட முடியாது."

அந்தப் பையனின் நேர்மைக்கு ஒரு சல்யூட். அதே சமயம், நம் ஊர் ஆய்வுக்கூடங்களின் கதை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் இந்தப் பொடி என்ன என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருப்பது இதுதான். 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதன் மீது வெளிச்சம் விழுந்தால் தண்ணீரையே பிளக்கும் என்று காட்டினார்கள். வெளிச்சம் பட்டதும் இது தண்ணீரில் ஹைட்ராக்சில் ராடிகல் என்ற முரட்டு ஆசாமிகளை உற்பத்தி செய்யும். அவர்கள் எதிரே வரும் எதையும் அடித்து நொறுக்கிவிடுவார்கள். இதற்குத்தான் ஒளி வினையூக்கி என்று பெயர்.

எதை நொறுக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. மனித உடலிலிருந்து வெளியேறும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள், கருத்தடை மாத்திரையில் இருக்கும் எதினைல் ஈஸ்ட்ரடையால், இவை எல்லாம் கழிவுநீரோடு போகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் கணிசமான பகுதி அழிகிறது. மிச்சம் ஆற்றுக்கு வருகிறது. உடனே 'பெண்கள் மாத்திரை சாப்பிடுவதால்தான்' என்று யாரும் பஞ்சாயத்தைக் கூட்ட வேண்டாம். இயற்கை ஹார்மோன் எல்லோர் உடம்பிலிருந்தும் போகிறது, ஆடு மாடுகளிடமிருந்தும் போகிறது.

கொஞ்சூண்டு ஹார்மோன் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. அதில் 260-ம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை இந்த மாத்திரை ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு சுமார் 5 நானோகிராம். அதாவது 100 கோடி லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். அங்கிருந்த சிறு மீன்களில் ஆண்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் சுரந்தது. இனப்பெருக்கம் படுத்துவிட்டது. அந்த மீன் இனமே ஏரியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது என்று 2007-ல் ஆய்வு முடிவு வெளியானது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில்தான் மீன்கள் மீண்டு வந்தன.

இப்போது உள்ளூர்க் கணக்கு ஒன்று. சென்னை கோயம்பேட்டில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்தமாக்கி ஆலைகளுக்குத் தரும் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஒரு பேச்சுக்கு, அவ்வளவு தண்ணீரிலும் அதே 5 நானோகிராம் வீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால் மொத்த ஹார்மோன் கால் கிராம்கூடத் தேறாது. அந்தக் கால் கிராமைத்தான் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும்.

நம் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது? லிட்டருக்கு 10 மில்லிகிராம் போட்டுச் சோதிக்கிறார்கள். மில்லிகிராமுக்கும் நானோகிராமுக்கும் 10 லட்சம் மடங்கு வித்தியாசம். தண்ணீரில் வேறு எதுவும் கிடையாது.

தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் ஒரு பிக்பாக்கெட்டைப் பிடிக்க வேண்டும். நீங்கள் தெருவைக் காலி செய்துவிட்டு, பத்தாயிரம் பிக்பாக்கெட்டுகளை மட்டும் உள்ளே விட்டு, 'பாருங்கள், வீசிய தடி ஒவ்வொன்றும் திருடன் மேலேயே விழுந்தது' என்றால் எப்படி? ஹைட்ராக்சில் ராடிகல் ஆள் பார்த்து அடிக்காது. நிஜக் கழிவுநீரில் கரிமப் பொருள்கள், பைகார்பனேட் உப்புகள் எல்லாம் கூட்டமாக நிற்கும். அடி முழுவதும் அவற்றின் மேல் விழும். ஹார்மோன் சந்தில் புகுந்து போய்விடும். கலங்கலில் வெளிச்சமே உள்ளே போகாது என்பது தனிக்கதை.

சாயத்தை வைத்துச் சோதிப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. மெத்திலீன் புளூ தானே வெளிச்சத்தை உறிஞ்சி வினையில் இறங்கிவிடும். வெளுத்த பெருமை முழுவதையும் பொடிக்குக் கொடுக்க முடியாது. ஹார்மோனுக்கு அந்தக் குணம் கிடையாது. 'சூரிய ஒளியில்' என்பதும் அப்படித்தான். சாதா டைட்டானியம் பொடிக்குப் புற ஊதாக் கதிர்தான் வேண்டும். வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான்.

அப்படியானால் இந்த விஞ்ஞானமே புருடாவா? இல்லவே இல்லை. அதே ஃபுஜிஷிமா இடம்பெற்ற ஜப்பானியக் குழு 2002-ல் ஈஸ்ட்ரடையாலை இப்படி அழித்து, அதன் ஹார்மோன் வீரியமும் போய்விடுகிறது என்று காட்டியது. ஸ்பெயினில் அல்மேரியா வெயிலில் பெரிய குழாய்களை நிறுத்தி, நிஜக் கழிவுநீரைவிட்டே பரிசோதிக்கிறார்கள். சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஜூரிக் அருகே ரேகன்ஸ்டார்ஃப் என்ற ஊரின் சுத்திகரிப்பு நிலையத்திலேயே ஓசோன் முறையைச் சோதித்தார்கள். அதன்பின் 2016-ல் சட்டம் போட்டு, ஓசோன், கரித்தூள் முறைகளை நிலையங்களில் பொருத்தி வருகிறார்கள். நம் பொடி அந்த ஓசோனோடு போட்டி போட வேண்டும். அதற்கான பந்தயம் சாக்கடையில்தான் நடக்கும்.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. நானோகிராமை அளக்கும் கருவியின் விலையைக் கேட்டால் சின்னக் கல்லூரிகளுக்கு மயக்கமே வரும். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-ல் எடுத்துவிட்டது. ஆனால் பேப்பரை எண்ணி ஆளை எடைபோடும் பழக்கம் போகவில்லை. கழிவுநீர் நிலையங்களுக்கு 2017-ல் மத்திய அரசு அறிவித்த அளவுகோலில் பி.ஓ.டி. இருக்கிறது, மலக் கிருமி இருக்கிறது. ஹார்மோன் இல்லை. கேட்க ஆளில்லாத கேள்விக்கு எவன் பதில் எழுதுவான்?

ஆகவே ஆய்வுக்குப் பணம் தருபவர்கள் இரண்டே நிபந்தனை போடட்டும். ஒன்று, பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரு கேன் தண்ணீர் எடுத்து அதில் சோதித்த முடிவையும், தோல்வியானாலும், கட்டாயம் வெளியிட வேண்டும். இரண்டு, நிறம் போச்சா என்று பார்த்தால் போதாது, ஹார்மோன் வீரியம் போச்சா என்று பார்க்க வேண்டும். மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பொருத்திய ஈஸ்ட்டை வைத்து, நிறம் மாறுவதைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்கும் முறை 1990-களிலேயே வந்துவிட்டது. மாவட்டத்துக்கு ஒரு பொதுச் சோதனைக்கூடம் வைத்தால் எல்லாக் கல்லூரிகளும் பயன்படுத்தலாம்.

இந்த ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் உங்கள் வரிப்பணமும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையே கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்து கொண்டிருக்கலாம். அடுத்த முறை நீலக் குப்பியும் வெள்ளைக் குப்பியுமாக வந்து நின்றால் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டிவிட்டு, அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.