குறையைச் சொல்லும் நேர்மை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணினி அறிவியல்)

மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கல் தொலைவில் சாளுவன்குப்பம் இருக்கிறது. அங்குள்ள அதிரணசண்ட மண்டபத்தில் வடமொழிச் சுலோகங்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்து மாறியும் வாசகம் மாறவில்லை. கணினியில் ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்துக்குக் கொண்டுபோவதும் இவ்வளவு எளிது என்றே நான் எண்ணியிருந்தேன். முதலாண்டிலேயே அந்த எண்ணம் உடைந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்காவுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினிதான் எனக்கும் கணினி. அதில் லினக்ஸ் இயக்க அமைப்பில், 'விம்' என்னும் எழுத்துத் தொகுப்பியைக் கொண்டு இரவெல்லாம் விழித்து ஒரு நிரலை எழுதினேன். மறுநாள் அச்செடுக்க ஒரு கணினி மையத்துக்குப் போனேன். அங்கிருந்தது வேறு இயக்க அமைப்புள்ள பழைய கணினி. கோப்பைத் திறந்தால், நூறு வரிகளும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக நின்றன! "என்ன தம்பி, ஒழுங்கா அடிச்சுக் கொண்டு வரக் கூடாதா?" என்றார் அங்கிருந்தவர். தலை குனிந்து திரும்பினேன். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவன், இயந்திரம் இடறினாலும் தன் அறியாமை என்றுதான் நினைப்பான்.

உண்மை என்ன? வரி முடிந்தது என்பதைக் குறிக்க யூனிக்ஸ், லினக்ஸ் வழியில் ஒரே குறியீடு போதும். டாஸ், விண்டோஸ் வழியில் இரண்டு குறியீடுகள். முதலாவது, தட்டச்சுப் பொறியின் வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளுவதுபோல. இரண்டாவது, தாளை ஒரு வரி மேலேற்றுவதுபோல. பழைய தொலை அச்சுப்பொறி விட்டுச் சென்ற வழக்கம் அது. 'விம்' தொகுப்பியில் கோப்பு வடிவம் என்ற ஒரே ஓர் அமைப்பை மாற்றிச் சேமித்திருந்தால் என் வரிகள் பிரிந்து நின்றிருக்கும். இது அதன் உதவிப் பக்கங்களிலேயே எழுதியிருந்தது. படிக்காதது மட்டுமே என் குற்றம்.

அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் வியந்தேன். பில் ஜாய் 1976இல் யூனிக்ஸுக்காக எழுதத் தொடங்கியது 'விஐ'. தம் அமிகா கணினியிலும் அதுபோன்ற ஒன்று வேண்டுமென்று நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் உருவாக்கி 1991இல் வெளியிட்டது 'விம்'. 1992இல் அது யூனிக்ஸுக்கே சென்றது. பிறகு டாஸ், விண்டோஸ், மேக் என்று ஊர் ஊராகக் குடியேறியது. ஒவ்வோர் இயக்க அமைப்புக்கும் தனித்தனி உதவிப் பக்கம் உண்டு. இங்கே இது நடக்கும், இது நடக்காது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். 2016இல் டாஸ் பதிப்பைக் கைவிட்டபோது, கைவிட்டோம் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். மூலனார் 2023இல் மறைந்தார். அந்தப் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன.

இது எனக்குப் புதிய பாடமன்று. என் தந்தை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கூலிக்குக் கல் கொத்துகிறவர். உளியை வைக்கும் முன் கல்லைத் தட்டி ஓசை கேட்பார். சிலை கேட்டு வந்தவரிடம், "இந்தப் பக்கம் ரேகை ஓடுதுங்க. கை ரொம்ப வெளியே நீண்டா நிக்காது. சம்மதம்னா செய்யறேன்" என்பார். அதனால் வேலை போனதுமுண்டு. ஆனால் சொல்லாமல் செய்து, பின்னால் கை முறிந்த சிலையோடு யாரும் அவரைத் தேடி வந்ததில்லை.

பிற நாட்டில் பிறந்த கருவி தமிழுக்குக் குடிவரும்போது இந்த நேர்மை இன்னும் தேவை. 'செங்கல்பட்டு' என்பதில் ஏழு எழுத்துகள் என்று நமக்குத் தெரியும். யுனிகோடில் அதற்குப் பன்னிரண்டு குறியீடுகள். குறியீட்டெண் வரிசைப்படி அடுக்கும் நிரல், 'வனம்' என்பதை 'வயல்' என்பதற்கு முன்னே வைக்கும். நம் அகராதியோ 'வயல்' முதலில் என்கிறது. கட்டம் கட்டமாக எழுத்தைக் காட்டும் முனையத் திரைகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இக்குறைகளை நம் மொழியில், நம் மாணவர்க்குப் புரியும்படி பட்டியலிட வேண்டியவர் யார்? வேறு எவருமல்லர், நாமே.

குறையை எழுதினால் மதிப்பெண் குறையுமே என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தால்தான் நம் செய்முறைக் குறிப்பேடுகளில் எல்லா நிரல்களும் பிழையின்றி ஓடுகின்றன! குறையைப் பட்டியலிடுவது திருத்தாமல் தப்பிக்கும் சாக்காகாதா என்று கேட்போரும் உண்டு. திருத்தக்கூடியதைத் திருத்தாமல் எழுதினால் அது சாக்குத்தான். முயன்றும் முடியாததை, எங்கே ஏன் நின்றது என்று எழுதுவதோ அடுத்து வருகிறவனுக்கு வழிகாட்டும் விளக்கு.

ஆகவே நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு செய்முறைக் குறிப்பேட்டின் முடிவிலும் 'அறிந்த குறைகள்' என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கும் சில மதிப்பெண்கள் தாருங்கள். அப்பக்கத்தைப் படிக்கும் அடுத்த ஆண்டு மாணவன், என்னைப்போல் தலை குனிந்து வீடு திரும்ப மாட்டான். தவறு தன்னுடையதா, கருவியினுடையதா என்று முதலில் கேட்பான். அந்தக் கேள்விதானே அறிவியலின் தொடக்கம்!